இந்தியா ஏ பயணம்: யாருக்காக, எதற்காக?

31 அக்டோபர் 2024, இரவு (இழையைத் தொடங்கிய தம்பியின் கேள்வி)

மக்காயில் இந்தியா ஏ, அதாவது நம் டெஸ்ட் அணிக்கு அடுத்த நிலை அணி, ஆஸ்திரேலியா ஏவுக்கு எதிராக 107 ரன்னுக்குச் சுருண்டுவிட்டது. ருதுராஜ் சந்தித்த முதல் பந்திலேயே அவுட். பிரண்டன் டாகெட் என்று ஒருவர் 15 ரன் கொடுத்து 6 விக்கெட் எடுத்திருக்கிறார். ஆஸ்திரேலியாவுக்குப் போகும் டெஸ்ட் அணியை 25ஆம் தேதியே அறிவித்தாயிற்று. ரிசல்ட் வந்த பிறகு பரீட்சை எழுதுவது மாதிரி இருக்கிறது. இதை எதற்கு ஆடுகிறார்கள், யார் உட்கார்ந்து பார்க்கிறார்கள்? அந்தப் பக்கம் இருக்கும் அண்ணன்கள் யாராவது சொல்லுங்கள்.

1 நவம்பர் 2024, காலை

நான் பார்க்கிறேன் தம்பி. மெல்போர்னில் ஆபீஸில் இருந்துகொண்டு ஓரக்கண்ணால் பார்ப்பதைப் பார்ப்பது என்று ஒத்துக்கொண்டால்.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். மக்காய் குயின்ஸ்லாந்துக் கடற்கரையில் உள்ள கரும்பு ஊர். 1992 உலகக் கோப்பையில் இந்தியாவும் இலங்கையும் அங்கே மோத வேண்டியிருந்தது. மழை விட்டு ஆட்டம் தொடங்கி இரண்டே பந்து வீசியதும் மறுபடி மழை. அவ்வளவுதான் மேட்ச். அன்று தொடக்கத்தில் இறங்கியது நம்ம ஸ்ரீகாந்தும் கபில்தேவும். மகளிர் அணிக்கு அதே மைதானத்தில் நல்ல நினைவு உண்டு: 2021 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பெண்கள் தொடர்ந்து 26 ஒருநாள் ஆட்டங்களை வென்று வந்ததை இந்தியப் பெண்கள் அங்கேதான் நிறுத்தினார்கள்.

இப்போது 107. நேற்று விக்கெட் விழுந்த விதத்தைப் பார்த்தால் எல்லாம் ஒரே கதை. நம் ஊரில் முழங்கால் உயரத்துக்கு வரும் நீளத்தில் விழும் பந்து அங்கே இடுப்புக்கு மேல் வருகிறது. கை தானாகப் போகிறது, எட்ஜ், கீப்பர். ரஞ்சியில் ஆயிரம் ரன் அடித்தவனுக்கும் இந்தப் பழக்கம் இருக்கும். அதை உடைக்க வேறு வழி கிடையாது. அங்கே போய் அவுட் ஆகித்தான் உடைக்க வேண்டும். ஏ அணியில் அவுட் ஆனால் பத்திரிகையில் இரண்டு வரி. பெர்த் டெஸ்டில் அவுட் ஆனால் நாடே பேசும்.

ரிசல்ட் பற்றிய உன் கேள்வி நியாயமானது. அதற்குப் பிறகு வருகிறேன். மேட்ச் தொடங்கப் போகிறது.

1 நவம்பர் 2024, இரவு

208க்கு 2! சாய் சுதர்சன் 96 நாட் அவுட், தேவ்தத் படிக்கல் 80 நாட் அவுட்.

முன்னதாக ஆஸ்திரேலியா ஏ 195க்கு ஆல் அவுட், முகேஷ் குமார் 46 ரன் கொடுத்து 6 விக்கெட். அந்த ஸ்பெல் பற்றித் தனியாக எழுத வேண்டும், இன்றைக்கு முடியாது. மனம் முழுக்க சாயிடம் இருக்கிறது.

அதே பிட்ச், அதே பவுலர்கள், 88 ரன் பின்தங்கியிருக்கும் நிலைமை. ஐபிஎல்லில் பார்த்த பையனை இதில் தேடினால் கிடைக்கமாட்டான். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போனதை விட்டுக்கொண்டே இருந்தான். விடுவது என்றால் சும்மா மட்டையைத் தூக்குவது இல்லை. முன்காலை ஆஃப் ஸ்டம்புக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தி, தலை அந்தக் காலுக்கு மேலேயே இருக்க, கையை மட்டும் பின்னால் வைத்துக்கொள்வது. தன் ஸ்டம்ப் எங்கே இருக்கிறது என்று திரும்பிப் பார்க்காமலே தெரிந்தவன்தான் அப்படி விட முடியும். சர்ரேக்குக் கவுண்டி ஆடப் போனது வீண் போகவில்லை.

நாளைக்கு நாலு ரன். எனக்குத் தூக்கம் வராது.

2 நவம்பர் 2024

சதம். 103. அதன் பிறகு படிக்கல் 88, எல்லாரும் சேர்ந்து 312. ஆஸ்திரேலியா ஏவுக்கு இலக்கு 225. மாலைக்குள் 139க்கு 3. நேதன் மெக்ஸ்வீனி நிற்கிறார், 47. கையை விட்டுப் போகிறது மேட்ச்.

கோவை நண்பர் ஒருவர், "சென்னைப் பையன் என்பதால் குதிக்கிறீர்கள், படிக்கல்லைப் பற்றி ஒரு வரிதானே" என்று கேட்டிருக்கிறார். சென்னைப் பையன் என்பதால் குதிக்கிறேன்தான், அதில் மறைக்க ஒன்றும் இல்லை. சேப்பாக்கம் வெயிலில் ஆடி வளர்ந்தவன் குயின்ஸ்லாந்தில் நின்று ஆடினால் எனக்கு அப்படித்தான் இருக்கும். ஆனால் படிக்கல்லின் 88ஐக் குறைத்துச் சொல்லவில்லை. அவரும் ஏறக்குறைய 200 பந்து நின்றார். இரண்டு பேருமே இடக்கை, இரண்டு பேருமே ஐபிஎல்லால் பேர் வாங்கியவர்கள், இரண்டு பேருமே டெஸ்ட் அணியில் இல்லை. இந்தக் கடைசி விஷயத்தைக் குறித்து வையுங்கள்.

3 நவம்பர் 2024

தோல்வி, 7 விக்கெட்டில். மெக்ஸ்வீனி 88 நாட் அவுட், போ வெப்ஸ்டர் 61 நாட் அவுட்.

எல்லாரும் பந்து மாற்றிய சண்டையைப் பற்றியே பேசுகிறீர்கள். காலையில் அம்பயர்கள் பந்தை மாற்றினார்கள், நம்மவர்கள் கேட்டார்கள், இஷான் கிஷன் அதை முட்டாள்தனமான முடிவு என்றார், ஸ்டம்ப் மைக்கில் பதிவானது. பந்து சேதமானதால் மாற்றினோம், இரண்டு அணிக்கும் சொல்லியாயிற்று, மேல் நடவடிக்கை இல்லை என்று கிரிக்கெட் ஆஸ்திரேலியா முடித்துவிட்டது. எனக்கு இதில் மேலே பேச ஒன்றும் இல்லை. 225 அடிக்க விட்டது பந்தால் அல்ல, முதல் நாள் 107ஆல்.

5 நவம்பர் 2024

மெல்போர்ன் ஆட்டத்துக்குக் கே.எல்.ராகுலும் துருவ் ஜுரெலும் வந்து சேர்கிறார்கள் என்ற செய்தி. இழையில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. "சீனியர்கள் பயிற்சி எடுக்க ஜூனியர்கள் இடத்தைப் பிடுங்குகிறார்கள்" என்று ஒரு கட்சி. "பெர்த்தில் ஆடப்போகிறவன் முன்னாடியே வந்து ஆடுவது நல்லதுதானே" என்று இன்னொன்று.

ராகுல் டிராவிட் ஏ அணிக்குப் பயிற்சியாளராக இருந்தபோது ஒரு கொள்கை வைத்திருந்தார். பயணத்துக்கு வந்த யாரும் ஒரு ஆட்டமாவது ஆடாமல் ஊர் திரும்பக் கூடாது. அவரே இளவயதில் ஏ அணியோடு போய் ஆட வாய்ப்புக் கிடைக்காமல் திரும்பியவர், அந்த வேதனை தெரியும் என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். 2015 முதல் சில ஆண்டுகள் அவர் நடத்திய விதத்தில்தான் ஏ அணிப் பயணம் என்பதற்கே ஒரு மரியாதை வந்தது. 2018 இங்கிலாந்துப் பயணத்தில் ரிஷப் பந்த் ஆடினார். அதே கோடையில் டிரென்ட் பிரிட்ஜில் டெஸ்ட் அறிமுகம். 2019இல் டிரினிடாடில் 19 வயது ஷுப்மன் கில் இரட்டைச் சதம்; அடுத்த ஆண்டு மெல்போர்னில் டெஸ்ட் அறிமுகம். ஒரு வரிசை இருந்தது, அது நகர்ந்தது.

அதற்கும் முன்னால் போக வேண்டுமானால் 2004 நைரோபி. தோனி என்று ஒரு கீப்பர் பாகிஸ்தான் ஏ அணிக்கு எதிராக இரண்டு சதம் அடித்தார். அந்த டிசம்பரிலேயே இந்தியாவுக்கு ஆடினார். சென்னை ரசிகர்கள் நைரோபிக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதலாம்.

5 நவம்பர், சற்றுப் பிறகு

தோனியைச் சொன்னதும் இழை நடராஜனுக்குப் போய்விட்டது. சரி, அதுவும் சொந்தக் கதைதானே. 2020இல் நெட் பவுலராக, பயிற்சியில் பந்து வீச மட்டும், ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறிய சின்னப்பம்பட்டி பையன் ஒரே பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமானார். வாஷிங்டன் சுந்தரையும் நெட்ஸில் வீசத்தான் இருக்கச் சொன்னார்கள். பிரிஸ்பேனில் 62 அடித்தார். ஆனால் அது காயத்தால் அணியே காலியான பயணம். விபத்தில் திறந்த கதவை வழக்கமான வாசல் என்று எடுத்துக்கொள்ள முடியாது. வழக்கமான வாசல் ஏ அணி. அது ஒழுங்காகத் திறக்கிறதா என்பதுதான் தம்பி கேட்ட கேள்வி.

7 நவம்பர் 2024

எம்சிஜி, மெல்போர்னின் பெரிய மைதானம். 11 ரன்னுக்கு 4 விக்கெட். அபிமன்யு ஈஸ்வரன் 0, சாய் 0, ராகுல் 4, ருதுராஜ் 4. ஜுரெல் தனியாக 80. மொத்தம் 161.

சாய்க்கு டக் விழுந்ததும் எனக்கு வந்த செய்திகளை எண்ண முடியவில்லை. ஐந்து நாள் முன்பு சதம் அடித்தவன் இன்று டக். கிரிக்கெட்டில் இது நடக்கும். விடுங்கள்.

9 நவம்பர் 2024, இரவு

சனிக்கிழமை என்பதால் நேரில் போனேன். லட்சம் பேர் உட்காரும் மைதானத்தில் ஏ அணி ஆட்டம் பார்ப்பது தனி அனுபவம். பந்து மட்டையில் படும் சத்தம், கீப்பர் ஸ்லிப்பிடம் சொல்வது, பவுலர் மூச்சு விடுவது, எல்லாம் கேட்கிறது. டெஸ்ட் நாளில் இதில் ஒன்றும் கேட்காது.

73க்கு 5 என்ற நிலையில் தொடங்கியது. ஜுரெல், நிதீஷ் ரெட்டி. என் வரிசையில் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் மடியில் ஸ்கோர் நோட்டோடு உட்கார்ந்திருந்தார், ஒவ்வொரு பந்தையும் பென்சிலால் குறித்துக்கொண்டு. இலங்கை ஏ, இந்தியா ஏ, எது வந்தாலும் வருவாராம். அரை மணி நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் திரும்பி, "தம்பி, மற்றவையள் பந்துக்குப் போகினம். இவன் பந்தை வர விடுறான்" என்றார்.

அதன் பிறகு எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. ஜுரெல் பின்காலில் நின்று, பந்து தன் மூக்குக்குக் கீழே வரும்வரை பொறுத்து, கடைசி நொடியில் மணிக்கட்டை மட்டும் இறக்கி விடுவார். பந்து காலடியில் செத்து விழும். ஸ்லிப்பில் நிற்பவர்கள் அரை அடி முன்னே வருவார்கள், மறுபடி பின்னே போவார்கள். டிவியில் இது வெறும் டாட் பால். நேரில் பார்த்தால் ஒரு சண்டை. நிதீஷ் 38, ஜுரெல் 68, கீழே பிரசித் 29 அடித்து 229க்குக் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

168 இலக்கு. பிரசித் கிருஷ்ணா முதல் ஓவரிலேயே இரண்டு பேரை வெளியேற்றியதும் பெரியவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார். கொஞ்ச நேரம் நம்பிக்கை இருந்தது. சாம் கான்ஸ்டாஸ் என்ற 19 வயதுப் பையன் 73 நாட் அவுட் அடித்து அதை முடித்துவைத்தான். வெப்ஸ்டர் 46. தோல்வி 6 விக்கெட்டில். தொடர் 0-2.

நேற்று ராகுல் அவுட் ஆன கிளிப்பை எல்லாரும் அனுப்பிவிட்டீர்கள். கோரி ரோச்சிச்சியோலியின் சுழலை விட நினைத்து, பந்து இரண்டு காலுக்கும் நடுவே புகுந்து ஸ்டம்பில். அதை வைத்து அவர் பெர்த்தில் ஆடக் கூடாது என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஜுரெல் பெர்த்தில் பேட்ஸ்மேனாகவே ஆட வேண்டும் என்பதில் மட்டும் உறுதியாக இருக்கிறேன்.

10 நவம்பர் 2024

இன்று ஆஸ்திரேலியா பெர்த் டெஸ்டுக்கான அணியை அறிவித்தது. மெக்ஸ்வீனி உள்ளே.

தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்தியா தன் டெஸ்ட் அணியை அறிவித்தது அக்டோபர் 25. ஏ ஆட்டங்கள் தொடங்கியது அக்டோபர் 31. முடிந்தது நவம்பர் 9. ஆஸ்திரேலியா அறிவித்தது நவம்பர் 10. அதே இரண்டு ஆட்டங்கள். அவர்களுக்கு அது தேர்வு. தொடக்க ஆட்டக்காரர் இடத்துக்கு மெக்ஸ்வீனி, மார்கஸ் ஹாரிஸ், பான்கிராஃப்ட், கான்ஸ்டாஸ் என்று நாலு பேரை ஒரே களத்தில் விட்டுப் பார்த்துவிட்டு, முடிந்த மறுநாள் ஒருவரை எடுத்தார்கள். நமக்கு அது ஏற்கெனவே எடுத்தவர்களுக்கான பயிற்சி, எடுக்காதவர்களுக்கான சுற்றுலா.

சாய் அந்த 103ஐ அடித்தபோது அது எந்தக் கணக்கிலும் சேராது என்பது தேர்வாளர்களுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். தெரிந்தும் அவ்வளவு நேரம் நின்றான். எனக்கு அவன்மேல் மரியாதை கூடியதற்குக் காரணம் அதுதான்.

தம்பி, நீ முதல் நாளே கேட்டது சரியான கேள்வி. பயணம் வேண்டாம் என்பது பதில் அல்ல. அறிவிப்புத் தேதியை மாற்றுங்கள் என்பதுதான் பதில்.

12 நவம்பர் 2024

மதுரை நண்பர் மறுக்கிறார்: விசா, விமானம், ஏற்பாடு என்று வெளிநாட்டுப் பயணத்துக்கு முன்கூட்டியே பெயர் வேண்டும், ஆஸ்திரேலியா சொந்த மண்ணில் இருப்பதால் கடைசி நாளில் அறிவிக்க முடிகிறது என்று. நல்ல வாதம். ஆனால் ஏ அணியில் இருப்பவர்கள் ஏற்கெனவே விசாவோடு ஆஸ்திரேலியாவில்தானே இருக்கிறார்கள்? 18 பேரை அறிவித்தார்கள். 16ஐ அறிவித்துவிட்டு இரண்டு இடத்தைப் பத்து நாள் காலியாக வைத்திருக்க எந்தத் தூதரகம் தடுத்தது?

18 நவம்பர் 2024

மதுரை நண்பருக்கும் எனக்கும் பாதிப் பாதி வெற்றி. பெர்த்தின் வாக்கா மைதானத்தில் நடந்த பயிற்சி ஆட்டத்தில் கில்லின் கட்டை விரல் உடைந்தது. படிக்கல்லை ஊருக்குப் போகாதே என்று நிறுத்திவைத்திருக்கிறார்கள். ஆக, காலியிடம் வந்தால் ஏ அணியில் ஆடியவரைத்தான் தேடுகிறார்கள். சாயை அனுப்பிவிட்டார்கள் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. 88 அடித்தவர் இருக்கிறார், 103 அடித்தவர் கிளம்பிவிட்டார். ஆனால் இரண்டு ஆட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால் படிக்கல்தான் சீராக ஆடினார், அதைச் சொல்லாமல் விடக் கூடாது.

26 நவம்பர் 2024

பெர்த்தில் ஜெயித்துவிட்டோம், 295 ரன் வித்தியாசத்தில்! பும்ராவைப் பற்றிப் பேச வேறு இழைகள் இருக்கின்றன, நான் நம் ஆட்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நிதீஷ் ரெட்டி 41, 38 நாட் அவுட். படிக்கல் 0, 25. ஜுரெல் 11, 1. ராகுல் 26, 77.

எம்சிஜியில் ஜுரெலைப் பார்த்துவிட்டு நான் எழுதியதையும், ராகுலை ஒதுக்கச் சொன்னவர்கள் எழுதியதையும் மேலே போய்ப் படித்துப் பாருங்கள். இரண்டு இன்னிங்ஸை வைத்து ஒருவரை ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. ஆனால் ஒருவர் பந்தை எப்படி எதிர்கொள்கிறார் என்பதை இரண்டு இன்னிங்ஸில் பார்த்துவிடலாம். யாழ்ப்பாணத்துப் பெரியவர் பார்த்தது அதைத்தான். ஜுரெலை நான் இன்னும் நம்புகிறேன்.

6 ஜனவரி 2025

தொடர் முடிந்தது, 1-3. மனசு சரியில்லை. ஆனாலும் நவம்பரில் விரல்விட்டு எண்ணக்கூடிய கூட்டத்துக்கு முன்னால் ஆடியவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்க்கலாம்.

கான்ஸ்டாஸ் பாக்ஸிங் டே அன்று அதே எம்சிஜியில் பும்ராவை ரிவர்ஸ் ஸ்கூப் அடித்து 65 பந்தில் 60. வெப்ஸ்டர் சிட்னியில் அறிமுகமாகி 57, 39 நாட் அவுட். நிதீஷ் எம்சிஜியில் 114, அப்பா கண்ணீர்விட்டதைப் பார்த்து நானும் அழுதேன். பிரசித் சிட்னியில் இரண்டு இன்னிங்ஸிலும் மூன்று மூன்று விக்கெட். மெக்ஸ்வீனியை மூன்று டெஸ்டோடு நீக்கிவிட்டார்கள். அவ்வளவு கவனமாகத் தேர்வு நடத்தி எடுத்தவரே நிலைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பும்ராவின் புதுப் பந்துக்கு எந்த ஏ ஆட்டமும் தயார்படுத்தாது.

அபிமன்யு ஈஸ்வரன் ஐந்து டெஸ்டும் வெளியே உட்கார்ந்தார். ஏ ஆட்டங்களில் அவர் அடித்தது 7, 12, 0, 17. அதனால் நான் பெரிதாகக் கேட்கவில்லை.

25 மே 2025

இழையைத் தூசி தட்டுகிறேன். நேற்று இங்கிலாந்துக்கான டெஸ்ட் அணி வந்துவிட்டது. சாய் சுதர்சன் இருக்கிறான்! இந்த ஐபிஎல்லில் ரன் குவித்துக்கொண்டே இருக்கிறான். வீட்டில் இனிப்பு வாங்கியாயிற்று.

ஏ அணியின் முதல் ஆட்டம் கேன்டர்பரியில் மே 30. அணி அறிவிப்பு மே 24. மறுபடியும் அதேதான்.

3 ஜூன் 2025

கருண் நாயர் 204. சர்பராஸ் 92, ஜுரெல் 94. இந்தியா ஏ 557. இங்கிலாந்தின் ஏ அணியான லயன்ஸ் பதிலுக்கு 587, டாம் ஹெய்ன்ஸ் மட்டும் 171. டிரா. மே மாத முடிவில் இங்கிலாந்தில் பந்து இவ்வளவு சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

கேன்டர்பரி பற்றி ஒரு துணுக்கு: எல்லைக்கோட்டுக்கு உள்ளேயே ஒரு பெரிய மரம் நின்ற மைதானம் அது. பந்து மரத்தில் பட்டால் நாலு ரன். பழைய மரம் 2005இல் காற்றில் விழுந்துவிட்டது.

கருணுக்காக மனதார மகிழ்கிறேன். 2016 டிசம்பரில் சேப்பாக்கத்தில் 303 அடித்தவர். அதன் பிறகு எத்தனை ஆண்டுகள் காத்திருந்தார். ஆனால் சர்பராஸ்? 92 அடித்தார், அணியில் பெயர் இல்லை, அந்த 92க்கு எங்கே மதிப்பு? நவம்பர் 2024இல் மக்காயில் சாய்க்கு நடந்தது இப்போது கேன்டர்பரியில் சர்பராஸுக்கு நடக்கிறது. நம் பையன் உள்ளே இருக்கிறான் என்பதற்காக இதைப் பேசாமல் இருக்க முடியாது.

10 ஜூன் 2025

நார்தாம்டனும் டிரா. ராகுல் 116, 51. கலீல் 4 விக்கெட். தனுஷ் கோட்டியான் 90 நாட் அவுட், அன்ஷுல் கம்போஜ் 51 நாட் அவுட். சிஎஸ்கே ரசிகர்கள் கம்போஜைக் கொண்டாடுகிறீர்கள், கொண்டாடுங்கள்.

யாரும் எழுதாததை நான் எழுதுகிறேன்: கேப்டன் ஈஸ்வரன் இரண்டு ஆட்டத்திலும் இரண்டாம் இன்னிங்ஸில் 68, 80. ஆஸ்திரேலியாவில் தடுமாறியவர், இங்கிலாந்தில் ஆடும் டியூக்ஸ் பந்தில் தன்னைத் திருத்திக்கொண்டு வந்திருக்கிறார். எனக்கு இது கருணின் 204க்குச் சமமான செய்தி.

இரவு எட்டுக்குத் தொடங்கி விடியற்காலை மூன்றரைக்கு முடிகிறது இங்கே. குளிர். ரஜாய்க்குள் படுத்துக்கொண்டு கைபேசி.

21 ஜூன் 2025

ஹெடிங்லியில் சாய் 0. அறிமுக இன்னிங்ஸில் டக். ஜூன் 20, கங்குலியும் டிராவிட்டும் 1996இல் அறிமுகமான அதே தேதி, கோலி 2011இல் அறிமுகமான அதே தேதி என்று ஒரு வாரமாக எல்லாரும் எழுதிக்கொண்டிருந்தீர்கள். ஸ்டோக்ஸ் லெக் சைடில் போட்ட பந்து, கீப்பர் கையில். கருணும் 0.

சாய் இந்த முறை ஏ ஆட்டம் ஒன்றிலும் ஆடவில்லை. ஐபிஎல் பிளேஆஃப், ஆரஞ்சு தொப்பி, 759 ரன், அப்புறம் நேரே லீட்ஸ். முல்லான்பூர் டி20யில் இருந்து மூன்று வாரத்தில் லீட்ஸ் முதல் நாள். நார்தாம்டனில் இரண்டு இன்னிங்ஸ் கிடைத்திருந்தால் லெக் சைடு பந்தைத் தொடாமல் விட்டிருப்பான் என்று சொல்லமாட்டேன். கிடைத்திருக்க வேண்டும் என்று மட்டும் சொல்வேன்.

24 ஜூலை 2025

மான்செஸ்டரில் சாய் 61! இரண்டு டெஸ்ட் வெளியே உட்கார்ந்துவிட்டு வந்து 61. ஸ்டோக்ஸ் பவுன்சராகப் போட்டுக்கொண்டே இருந்தார், குனிந்து குனிந்து விட்டான். மக்காயில் பார்த்த அதே விடுதல். அம்மாவுக்கு போன் போட்டுச் சொன்னேன், அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

கம்போஜ் அறிமுகம். காயத்தால் ஆள் குறைந்ததும் நார்தாம்டனில் ஆடியவரைக் கூப்பிட்டார்கள். படிக்கல் கதைதான் மறுபடி. ஏ அணி என்பது தேர்வுக்கு முந்திய படி அல்ல, காயத்துக்குப் பிந்திய இருப்பு என்று ஆகிவிட்டதோ என்று கவலையாக இருக்கிறது.

5 ஆகஸ்ட் 2025

ஓவலில் 6 ரன்னில் வெற்றி. சிராஜ்! தூங்கவே இல்லை. தொடர் 2-2.

கொண்டாட்டத்துக்கு நடுவே ஒரு பெயர். ஈஸ்வரன் இந்தத் தொடரிலும் ஐந்து டெஸ்டும் வெளியே. 2021இல் இங்கிலாந்துக்கு ரிசர்வாகப் போனவர். அன்றிலிருந்து இன்றுவரை அவருக்குப் பின்னால் வந்து எத்தனை பேர் டெஸ்ட் தொப்பி வாங்கிவிட்டார்கள் என்று பட்டியல் போட ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். அந்தப் பட்டியலில் சாயும் இருக்கிறான். சாயின் 61க்கு நான் துள்ளியது உண்மை. அதே மூன்றாம் இடத்துக்கு ஏ அணிக் கேப்டன் காத்திருந்தார் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஐபிஎல் ரன்னால் ஒருவர் உள்ளே வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏ பயணத்தில் கேப்டனாக நிற்பவருக்கு ஒரே ஒரு டெஸ்டாவது கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். அவருக்குக் கிடைக்காவிட்டால் அடுத்த பயணத்தில் மக்காயில் நின்று பந்தை விடும் பையன் எதை நம்பி விடுவான்?

இழையைத் தொடங்கிய தம்பி இப்போது ஈஸ்வரன் கட்சியில் சேர்ந்துவிட்டதாகத் தனியாக எழுதியிருக்கிறார். வரவேற்கிறேன்.

26 செப்டம்பர் 2025

இந்த முறை ஆஸ்திரேலியா ஏ நம் ஊருக்கு வந்தது. லக்னோவில் இன்று 412ஐத் துரத்தி அடித்துவிட்டோம்! ராகுல் 176 நாட் அவுட், சாய் 100, ஜுரெல் 56. எம்சிஜியில் திறந்துவிட்ட கேலரியில் உட்கார்ந்து நான் பார்த்த அதே ஆட்கள்.

வெஸ்ட் இண்டீஸ் டெஸ்டுகளுக்கு அணியை நேற்றே அறிவித்துவிட்டார்கள். ஆட்டம் முடிய ஒரு நாள் பொறுக்கவில்லை. ஈஸ்வரன் பெயர் இல்லை. தொப்பி இல்லாமலே வெளியே. நம்ம ஜெகதீசன் இரண்டாவது கீப்பராக உள்ளே வந்திருக்கிறார், அதற்கு வாழ்த்து.

அக்டோபர் 30இல் தென்னாப்பிரிக்கா ஏ பெங்களூருக்கு வருகிறது, நவம்பர் 14இல் கொல்கத்தா டெஸ்ட். பெங்களூர் நண்பர்கள் யாராவது நேரில் போனால் இங்கே எழுதுங்கள். யார் பந்துக்குப் போகிறார், யார் வர விடுகிறார் என்று தெரிய வேண்டும். மற்றவர்கள் டெஸ்ட் அணியை எந்தத் தேதியில் அறிவிக்கிறார்கள் என்று முதலில் குறித்து வையுங்கள், ஸ்கோரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.